சீனம் சென்ற சோழர் தூது

நான் குடியிருக்கும் அம்பத்தூரிலும், அதனை அடுத்துள்ள ஆவடி, பூவிருந்தவல்லி முதலிய ஊர்களிலும் சிறு தொழிற்கூடங்கள் பல உள்ளன. அவற்றை நடத்துவோரிற் சிலர் இயந்திரங்களும் கருவிகளும் வாங்கும் பொருட்டுச் சீன தேசத்துக் குவாங்சௌ நகருக்குச் சென்று வருகின்றனர். பழைய நூல்களில் காண்டன் என்று குறிக்கப்படும் நகரம் இதுவே. அங்கே 1957ஆம் ஆண்டு தொடங்கி, ஆண்டுக்கு இருமுறை பெரியதொரு வாணிகக் கண்காட்சி நடைபெற்று வருகிறது. வேனிலின் முன் ஒரு முறை. இலையுதிர் காலத்தில் மற்றொரு முறை. இலையுதிர் காலக் கண்காட்சி அக்டோபர் 15ஆம் நாள் தொடங்கும். செல்ல விரும்புவோர் ஆவணி மாதத்திலேயே ஆயத்தம் செய்யத் தொடங்குவர். நுழைவு அனுமதி பெறுதல், விமானச் சீட்டு வாங்குதல், தங்குமிடம் தேடுதல், மொழிபெயர்ப்பாளர் ஒருவரை அமர்த்துதல் ஆகியவற்றைச் செய்து முடிக்க ஓரிரு மாதங்கள் போதும். பயணமோ ஒரு நாளில் முடிந்துவிடும்.

இற்றைக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர்த் தமிழ்நாட்டிலிருந்து இதே நகருக்கு ஒரு கூட்டத்தார் சென்றனர். அங்கிருந்து வடக்கே நெடுந்தொலைவு நடந்தும் படகேறியும் சீனப் பேரரசரின் தலைநகரை ஓர் இலையுதிர் காலத்தில் அடைந்தனர். அவர்களை அனுப்பியவன் தஞ்சைப் பெரிய கோயிலை எடுப்பித்த முதலாம் இராசராசன். அந்தப் பயணத்தை அவர்கள் எவ்வாறு திட்டமிட்டனர், அதற்கு எத்தனை நாள் ஆயிற்று, அதனால் விளைந்தது யாது என்பனவற்றை மாணவர்கள் அறிந்து கொள்ளுதல் நலம். வரலாற்றுப் பாடநூல்களில் ‘சோழர்கள் சீனாவுக்குத் தூது அனுப்பினர்’ என்னும் ஒரே வரியோடு முடிந்துவிடும் செய்தி இது. அந்த ஒரு வரிக்குள் எத்தனை மனிதர்களின் வாழ்நாள் அடங்கியுள்ளது என்பதைச் சிறிது விரித்துக் காண்போம்.

தமிழகத்துக்கும் சீனத்துக்கும் இடையே உறவு சோழர் காலத்தில் புதிதாகத் தோன்றியதன்று. பூவிருந்தவல்லி வழியாக மேற்கே செல்லும் பெருவழி காஞ்சி மாநகருக்குச் செல்கின்றது. அக்காஞ்சிக்கு ஏழாம் நூற்றாண்டில் சீனத் துறவி சுவான்சாங் வந்து சென்றார். பல்லவ மன்னன் இராசசிம்மன் காலத்தில், 720ஆம் ஆண்டில், காஞ்சியிலிருந்து சீனத்துக்குத் தூது சென்றது. ஒன்பதாம் நூற்றாண்டில் மணிக்கிராமத்து வணிகர் இன்றைய தாய்லாந்தின் மேலைக் கடற்கரையிலே, தக்குவாப்பா என்னும் இடத்தில், ஒரு குளத்தைக் காவல் புரிந்தனர் என்று அங்குக் கிடைத்த தமிழ்க் கல்வெட்டுச் சொல்கிறது. ஆகவே கடல் வழி நம்மவர்க்கு நன்கு தெரிந்ததே. ஆயினும் அவ்வழியின் கீழ்க்கோடி வரை அரசனின் பெயரால் ஒரு பெருந்தூது செல்வது வேறு வகையான முயற்சியாகும்.

இத்தூதைப் பற்றிய செய்தி நமக்கு எங்கிருந்து கிடைக்கிறது? சீனத்தில் 960ஆம் ஆண்டு முதல் 1279ஆம் ஆண்டு வரை ஆண்ட மரபினர் சோங் மரபினர். அவர்களுடைய ஆட்சி முடிந்தபின், அரசவைக் குறிப்புகளைக் கொண்டு 1345இல் எழுதி முடிக்கப்பட்ட ‘சோங் வரலாறு’ என்னும் பெருநூலில், அயல்நாடுகளைப் பற்றிய பகுதி ஒன்று உண்டு. அதில் சோழ நாடு ‘சூ-நியென்’ என்னும் பெயரால் குறிக்கப்படுகிறது. இராசராசனின் பெயர் சீனர் நாவில் ‘லோ-சா-லோ-சா’ எனத் திரிந்தது. பேராசிரியர் கே. ஏ. நீலகண்ட சாத்திரியார் தம்முடைய ‘சோழர்’ என்னும் பெருநூலில் இச்செய்திகளை எடுத்துக் காட்டியுள்ளார்.

தூது புறப்பட்ட காரணத்தைச் சீன நூல் இவ்வாறு கூறுகிறது. கப்பல் வணிகர் சிலர் சோழ நாட்டுக்கு வந்தபொழுது, சீனத்தில் சோங் மரபினர் அரசமைத்ததையும், அந்நாட்டுப் பேரரசர் தாய் மலையிலும் பென்யின் என்னும் இடத்திலும் பெருவேள்விகள் நிகழ்த்தியதையும் அரசனிடம் சொன்னார்கள். மேலும், பத்தாண்டுகளாகக் கடலில் பெரும் புயலில்லை. அவ்வாறு கடல் அமைதியாயிருந்தால் சீனத்தில் அறவோன் ஒருவன் ஆள்கின்றான் என்று முதியோர் சொல்வதுண்டு என்று அரசன் கருதினானாம். இந்தப் பகுதியைப் படிக்கும்பொழுது சிறிது எச்சரிக்கை வேண்டும். சோழ மன்னனின் திருமுகம் சீன அரசவையில் சீன மொழியில் பெயர்க்கப்பட்டது. அந்த அவையின் வழக்கப்படி, பிற நாட்டரசர் அனைவரும் பேரரசரின் பணியாளராகவே பேசுவதுபோல் எழுதப்படுவர். ‘அடியேன் லோ-சா-லோ-சா’ என்று தொடங்கும் அச்சொற்களை இராசராசனே தன் வாயால் சொன்னான் என்று கொள்ள வேண்டியதில்லை. வாணிகம் வளர வேண்டும் என்பதே தூதின் உட்கருத்தாயிருந்திருக்கும் என்பது அறிஞர் பலரின் துணிபு.

அத்திருமுகத்தில் மற்றொரு நுட்பம் உண்டு. தாய் மலை வேள்வி நடந்தது 1008ஆம் ஆண்டில். பென்யின் வேள்வி நடந்தது 1011ஆம் ஆண்டில். தூதர் புறப்பட்டது, நாம் பின்னர்க் காணப்போகும் கணக்கின்படி, ஏறத்தாழ 1012இல். திருமுகத்தின் செய்தியை நம்பினால், சீனத்தின் உள்நாட்டில் நடந்த ஒரு நிகழ்ச்சியை ஓராண்டு அளவிலேயே சோழ நாட்டவர் அறிந்துவிட்டனர் எனலாம். செய்தித்தாளும் தந்தியும் இல்லாத காலத்தில் வணிகர்களே செய்தியைச் சுமந்து சென்றனர்.

இனிப் பயணத்துக்கு வருவோம். தூதில் சென்றவர் 52 பேர். தலைமைத் தூதனின் பெயரைச் சீனர் ‘சோ-லி சன்-வென்’ என எழுதி வைத்துள்ளனர். ‘சோ-லி’ என்பது சோழர் என்னும் சொல்லின் திரிபாதல் கூடும். அவனுடைய தமிழ்ப் பெயர் ஒலி மாறி மறைந்துவிட்டது. அவனுக்குத் துணைத்தூதன் ஒருவன், நடுவன் ஒருவன், காவல் தலைவன் ஒருவன் என மூவர் உடன் சென்றனர் என்றும் அந்நூல் குறிக்கிறது.

அவர்கள் கொண்டு சென்ற பொருள்களின் பட்டியல் வியப்பை ஊட்டுவது. முத்துக்கள் தைத்த அங்கி ஒன்று, முத்துக்கள் தைத்த தலையணி ஒன்று, 21,100 லியாங் எடையுள்ள முத்துக்கள், 60 யானைத் தந்தங்கள், 60 சின் எடையுள்ள குங்கிலியம் ஆகியன அரசன் அனுப்பியவை. இவையன்றித் தூதர்கள் தம் சார்பில் 6,600 லியாங் முத்துக்களும் 3,300 சின் நறுமணப் பொருள்களும் அளித்தனர். அக்காலத்து லியாங் ஒன்று ஏறத்தாழ 40 கிராம். பதினாறு லியாங் சேர்ந்தது ஒரு சின். ஆகவே நூல் தரும் எண்களின்படி அரசன் அனுப்பிய முத்துக்கள் மட்டுமே 800 கிலோவுக்கு மேற்பட்டவை. இவ்வளவு முத்துக்கள் ஓர் அரசனிடம் எங்ஙனம் சேர்ந்தன என்று கேட்பீராயின், மன்னார் வளைகுடாவின் இரு கரைகளையும் நினைத்துப் பாருங்கள். பாண்டி நாட்டை வென்று, ஈழத்தின் வட பகுதியையும் தன் ஆட்சியிற் கொண்டவன் இராசராசன். முத்துக்குளிக்கும் கடல் அவன் கைக்குள் இருந்தது. சீனர்க்கு எது அரிய பொருளோ அதனையே தேர்ந்து அனுப்பினான் என்பதில் அவனது அரசியல் அறிவு விளங்குகிறது.

சோங் வரலாறு தூதரின் கடற்பயணத்தைக் கட்டம் கட்டமாகக் கணக்கிட்டுச் சொல்கிறது. நான் தலைமையாசிரியனாகப் பணிபுரிந்த நாட்களில் இக்கணக்கைக் கரும்பலகையில் எழுதி மாணவர்களைக் கூட்டச் சொல்வது வழக்கம். முதற் கட்டம் 77 நாள். அதில் அவர்கள் கடந்த இடங்களில் ஒன்று நாகப்பட்டினம் என்றும், மற்றொன்று ஈழம் என்றும் அறிஞர் கொள்வர். இரண்டாம் கட்டம் 61 நாள். அதன் முடிவில் மலேயாத் தீபகற்பத்தின் மேலைக் கரையிலுள்ள கு-லோ நாட்டை அடைந்தனர். நம் முன்னோர் கடாரம் என்று வழங்கிய பகுதியை அடுத்தது இது என்பர். மூன்றாம் கட்டம் 71 நாள்; முடிவில் ஸ்ரீவிசய நாடு, அதாவது சுமத்திரா. நான்காம் கட்டம் 18 நாள். முடிவில் இன்றைய வியட்நாமின் தென்பகுதியிலிருந்த பாண்டுரங்கம். ஐந்தாம் கட்டம் 20 நாள். முடிவில் குவாங்சௌ நகரின் துறையாகிய பிபாசௌ என்னும் தீவு.

எல்லாவற்றையும் கூட்டினால் 247 நாள் வருகிறது. ஆனால் தூதர் நாட்டை விட்டுப் புறப்பட்டுக் குவாங்சௌ சேர்வதற்கு 1,150 நாள் ஆயிற்று என்று அதே நூல் கூறுகிறது. மாணவர் கழித்துப் பார்ப்பர். 903 என்று விடை வரும். உடனே யாரேனும் ஒருவர், “ஐயா, மீதி நாட்களில் அவர்கள் என்ன செய்தார்கள்?” என்று கேட்பார். அந்தக் கேள்விக்காகவே நான் அக்கணக்கைக் கொடுப்பேன்.

அவர்கள் காற்றுக்காகக் காத்திருந்தார்கள். பாய்மரக் கப்பல் எதிர்க்காற்றில் நெடுந்தொலைவு செல்வது மிக அரிது. வைகாசி, ஆனி மாதங்களில் தொடங்கி ஏறத்தாழப் புரட்டாசி வரை தென்மேற்கிலிருந்து காற்று வீசும். அக்காற்று கப்பலைக் கீழ்த்திசைக்கும், தென்சீனக் கடலில் வடதிசைக்கும் செலுத்தும். ஐப்பசிக்குப் பின் காற்று திரும்பி வடகிழக்கிலிருந்து வரும். அப்பொழுது சீனத்திலிருந்து தெற்கும் மேற்கும் நோக்கி வருதல் எளிது. 1119ஆம் ஆண்டளவில் சூ யூ என்னும் சீனர் எழுதிய நூலில், குவாங்சௌவிலிருந்து கப்பல்கள் தம் நாட்காட்டியின் 11, 12ஆம் மாதங்களில் வடகாற்றைக் கொண்டு புறப்படும். 5, 6ஆம் மாதங்களில் தென்காற்றைக் கொண்டு வந்து சேரும் என்று தெளிவாக எழுதப்பட்டுள்ளது. கப்பலோட்டிகள் திசைகாட்டும் ஊசியைப் பயன்படுத்தியதையும் அந்நூலே முதன்முதலிற் குறிக்கிறது. ஒரு துறையில் சரக்கு மாற்றவோ, கப்பலைச் செப்பனிடவோ, நோயுற்றோரைத் தேற்றவோ சில கிழமைகள் தாமதித்தால் காற்று மாறிவிடும். பின்னர் அடுத்த ஆண்டுக் காற்று வரும் வரை அத்துறையிலேயே கிடக்க வேண்டும். அதனாலேயே எட்டு மாதத்துக் கடலோட்டம் மூன்றாண்டுக்கு மேற்பட்ட பயணமாயிற்று.

குவாங்சௌவில் அயல்நாட்டு வாணிகத்தைக் கண்காணிக்கச் சோங் அரசர் 971ஆம் ஆண்டிலேயே தனி அலுவலகம் அமைத்திருந்தனர். வரும் கப்பல்களைச் சோதித்தல், சுங்கம் வாங்குதல், தூதர் வருகையைத் தலைநகருக்கு அறிவித்தல் ஆகியன அதன் பணிகள். அயல்நாட்டு வணிகர் வாழ்வதற்கு அந்நகரில் தனிச் சேரியும் இருந்தது. சோழத் தூதர் நங்கூரம் பாய்ச்சிய பிபாசௌ, யாழ் போன்ற ஒரு சீன நரம்புக் கருவியின் பெயரால் வழங்கிய தீவு. இன்று அதன் பெயர் பாசௌ. நம் அம்பத்தூர்த் தொழிலதிபர் இலையுதிர் காலத்தில் காணச் செல்லும் கண்காட்சி மண்டபங்கள் இப்பொழுது எழுந்து நிற்பது அந்தப் பாசௌவிலேதான். ஆயிரமாண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டு முத்துக்கள் இறங்கிய துறையருகே இன்று தமிழ்நாட்டுத் தொழிலாளர் இயக்கப்போகும் இயந்திரங்கள் விலை பேசப்படுகின்றன.

குவாங்சௌ தூதரின் இலக்கன்று. பேரரசர் சென்சோங் அப்பொழுது அரசு வீற்றிருந்த தலைநகரம் கைஃபெங். அது வடக்கே மஞ்சளாற்றின் அருகில் உள்ளது. தென்னாட்டுத் துறையிலிருந்து அங்குச் செல்லப் பெரிதும் பயன்பட்ட வழி ஆற்றுவழியே. வடவாறு வழியாக மேலே சென்று, மெய்லிங் கணவாயைத் தரைவழியாகக் கடந்து, கான் ஆற்றில் இறங்கி, யாங்சி பேராற்றை அடைந்து, அங்கிருந்து கால்வாய் வழியே தலைநகரை எய்துவர். அக்கால்வாய் கைஃபெங் நகரின் நடுவே ஓடியது. தெற்கே விளைந்த நெல்லெல்லாம் அதன் வழியேதான் தலைநகருக்கு வந்தது. அந்நாளில் உலகின் மிகப் பெரிய நகரங்களுள் அஃது ஒன்று. அந்நகரத்தின் கடைத்தெருக்களையும் விழாக்களையும் அங்கு வாழ்ந்த மெங் யுவான்லாவோ என்பவர் பின்னாளில், 1147இல், ஒரு நூலாக எழுதினார். இரவெல்லாம் திறந்திருந்த அங்காடிகளையும், ஒன்பதாம் மாதத்து ஒன்பதாம் நாளில் மக்கள் செவ்வந்தி மலர்களைக் கண்டு மகிழ்ந்ததையும் அந்நூல் கூறும்.

தூதர் பேரரசரைக் கண்டது 1015ஆம் ஆண்டு, சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில். அஃது அவர்தம் இலையுதிர் காலத்தின் இறுதி மாதம். சன்-வென் முத்துக்களையும் நீலப்பச்சைக் கண்ணாடிப் பொருள்களையும் தட்டில் ஏந்தி அரியணை மண்டபத்தில் ஏறி, பேரரசரின் இருக்கைக்கு முன் பரப்பி, கீழிறங்கி வணங்கினான். தொலை நாட்டவரின் அன்பைக் காட்டவே இவ்வாறு செய்தனர் என்று மொழிபெயர்ப்பாளர் எடுத்துரைத்தார். அவ்வாண்டுப் பேரரசரின் பிறந்தநாள் விழாவில், புத்த மடம் ஒன்றில் துறவியரைக் கூட்டி அவர் நீடு வாழ வழிபாடு செய்யத் தூதர் அனுமதி வேண்டினர். சிவனுக்குப் பெருங்கோயில் எடுத்த அரசனின் தூதர் புத்தத் துறவியரைக் கூட்டியது முரணன்று. ஸ்ரீவிசய மன்னர் நாகப்பட்டினத்தில் எடுத்த சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை இராசராசன் விட்டுக் கொடுத்ததை நாம் அறிவோம்.

இங்கேதான் இவ்வரலாற்றின் துயரமான பகுதி வருகிறது. இராசராசன் 1014ஆம் ஆண்டில் மறைந்தான். சன்-வென் அவனுடைய திருமுகத்தைப் பேரரசர் முன் அளித்தபொழுது, அதனை எழுதச் செய்தவன் உயிரோடில்லை. தூதர் அதனை அறிந்திருந்தார்கள் என்பதற்கு அந்நூலில் ஒரு குறிப்பும் இல்லை. அடுத்த ஆண்டு, 1016இல், தூதர் விடைபெற்றபொழுது, பேரரசர் லோ-சா-லோ-சாவுக்கு மறுமொழி எழுதி, மிகுந்த பரிசில்களையும் அனுப்பினார் என்று சீன நூல் முடிக்கிறது. மறைந்த மன்னனின் ஓலைக்கு, அவன் மறைந்து ஈராண்டு சென்றபின், மறுமொழி எழுதப்பட்டது. அதனைச் சுமந்து வந்தவர்கள் மீண்டும் காற்றுக்காகக் காத்திருந்து, தாய்நாடு திரும்பி, இராசேந்திரனின் அவையில் அதனை அளித்திருக்க வேண்டும். அந்த 52 பேரில் எத்தனை பேர் தம் வீட்டு வாயிலை மீண்டும் கண்டார்கள் என்பதைக் கூறும் ஏடு இல்லை.

இவ்வச்சம் வெறுங்கற்பனையன்று. 1020ஆம் ஆண்டில் வந்த அடுத்த சோழத் தூதன் குவாங்சௌவை அடைந்து அங்கேயே நோயுற்று இறந்தான். அவன் கொண்டு வந்த திருமுகம் மட்டும் தலைநகருக்குச் சென்றது. உடன் வந்தோர்க்கு விருந்தளித்துப் பொருள் கொடுத்து அனுப்பி வைத்தனர். 1033இல் இராசேந்திரன் அனுப்பிய தூதன் பேரரசரிடம், தாம் பலமுறை வர முயன்றும் கடற்காற்று கப்பல்களை உடைத்ததால் வந்து சேர இயலவில்லை என்று சொன்னான். பின்னர் வெள்ளித் தட்டில் சிறந்த முத்துக்களை ஏந்திச் சென்று, மண்டியிட்டு, அரியணையின் அடியில் இறைத்தான். கடலில் மூழ்கிய அந்தக் கப்பல்களைப் பற்றி நமக்குக் கிடைக்கும் ஒரே நினைவு அவனுடைய அந்த ஒரு வாக்கியமே.

1077ஆம் ஆண்டிலும் ஒரு தூது சென்றது. அதற்கு ஈடாகச் சீனப் பேரரசர் 81,800 கோவைச் செப்புக் காசுகளும் 52,000 லியாங் வெள்ளியும் கொடுத்தார். தஞ்சை மாவட்டத்தில் மண்ணிலிருந்து சீனக் காசுகள் கிடைத்துள்ளன. கங்கைகொண்ட சோழபுரத்து அகழாய்வில் சீனப் பீங்கான் துண்டுகள் கிடைத்துள்ளன. வாணிகம் பெருகியதற்கு இவை சான்று. அதன்பின் இரு நூற்றாண்டுகள் கழித்து, 1281இல், சுவான்சௌ நகரில் தமிழர் ஒருவர் சிவன் கோயில் அமைத்துத் தமிழிலும் சீனத்திலும் கல்வெட்டுப் பொறித்தார். தூதர் ஒரு முறை சென்ற நாட்டில் அப்பொழுது தமிழர் குடியிருக்கவும் தொடங்கிவிட்டனர்.

ஆயினும் இத்தூதுகள் முழு வெற்றி பெற்றனவா? இதற்கு விடை சீன நூலிலேயே ஒளிந்து கிடக்கிறது. 1015இல் வந்த சோழத் தூதர்க்கு, நடு ஆசியாவிலிருந்த குச்சா என்னும் சிறு அரசின் தூதர்க்குரிய மதிப்பையே சீனர் அளித்தனர். அதனினும் வியப்பானது 1106ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. பர்மாவிலிருந்து பாகன் நாட்டுத் தூது வந்தபொழுது, சோழர்க்குக் காட்டிய மரியாதையையே காட்டுக என்று பேரரசர் ஆணையிட்டார். அமைச்சு அலுவலர் அதனை மறுத்து எழுதினர். சோழ நாடு ஸ்ரீவிசயத்துக்கு அடங்கிய நாடு. ஆகையால் அதற்கு முன்பு எழுதிய ஆணையைச் சாதாரணத் தாளில் எழுதினோம். பாகனோ பெரிய நாடு. அதற்குப் பொன் மலர் பொறித்த பட்டுத் தாளில் எழுத வேண்டும் என்பது அவர்களின் கருத்து. பேரரசரும் அதற்கு இசைந்தார்.

மாணவர்களே, ஆண்டுகளை நினைத்துப் பாருங்கள். இராசேந்திரன் 1025ஆம் ஆண்டளவில் கப்பற்படை அனுப்பி ஸ்ரீவிசயத்தின் துறைகளை வென்றான். கடாரங்கொண்டான் என்று பெயரும் பெற்றான். அது நடந்து எண்பது ஆண்டுகளுக்குப் பின்பும், சோழர் ஸ்ரீவிசயத்துக்கு அடங்கியவர் என்றே கைஃபெங் நகரத்து ஏடுகள் சொல்லிக் கொண்டிருந்தன. இந்தப் பிழை எங்ஙனம் நேர்ந்தது? சோழ நாட்டுக்கும் சீனத்துக்கும் நடுவே இருந்த கடல் வழி ஸ்ரீவிசயத்தாரின் துறைகளின் வழியே சென்றது. அந்நாட்டு வணிகரும் தூதரும் சீனத்துக்கு அடிக்கடி சென்றனர். சீனர் அவர்கள் வாய்மொழியாகவே மேற்கு நாடுகளைப் பற்றிக் கேட்டறிந்தனர். சோழரைத் தமக்குக் கீழ்ப்பட்டவராகக் காட்டுவது அவர்கள் வாணிகத்துக்கு நன்மை தருவது. ஆகவே அவர்களே அவ்வாறு சொல்லியிருத்தல் கூடும் என்று அண்மைக் கால ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். இராசேந்திரனின் படையெடுப்புக்கு இந்த வாணிகப் போட்டியும் ஒரு காரணமாயிருக்கலாம்.

எண்ணூறு கிலோ முத்தும், ஐம்பத்திருவரின் மூன்றாண்டு உழைப்பும், உடைந்த கப்பல்களும் இருந்தும், சோழர் யார் என்பதைச் சீன அவைக்குச் சரியாக உணர்த்த முடியவில்லை. அந்நகரில் நிலையாகத் தங்கிச் சீன மொழி கற்று, தம் நாட்டைப் பற்றித் தாமே எடுத்துச் சொல்லும் சோழத் தூதர் எவரும் இருந்ததாகச் செய்தியில்லை. இடையிலிருந்தவர் சொன்னதே ஏட்டில் ஏறியது.

இன்னொன்றையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர்களில் இறைவனுக்கு அளித்த அணிகலன்கள், அவற்றில் பதித்த முத்துக்களின் வகைகள், எடைகள் ஆகிய எல்லாம் கல்லில் வெட்டப்பட்டுள்ளன. விளக்கெரிக்க விட்ட ஆடுகளின் எண்ணிக்கையும் உண்டு. கணக்கெழுதுவதில் நம்மவர் குறைந்தவரல்லர். ஆயின், கடல் கடந்து சென்ற இத்தூதைப் பற்றி இதுவரை கிடைத்த சோழர் கல்வெட்டுகளில் ஒரு சொல்லும் இல்லை. இராசேந்திரன் காலத்து நாகப்பட்டினத்துக் கோயில் கல்வெட்டில், கடாரத்து அரசனின் ஆள் அளித்த ‘சீனக் கனகம்’ என்னும் பொன் பேசப்படுகிறது. அப்பொன்னின் நாடு வரை சென்று வந்தவர்களைப் பேசும் கல்வெட்டு இல்லை. ஓலையில் எழுதியிருந்தால் அது செல்லரித்துப் போயிருக்கும். சீனரோ நாள் எண்ணிக்கை தவறாமல் எழுதி வைத்தனர், பழையன அழியுமுன் மீண்டும் படியெடுத்தனர், அச்சிட்டனர். அதனால் நம் முன்னோரின் பயணத்தை நாம் அவர்கள் ஏட்டிலிருந்து அறிகிறோம். அவர்கள் தவறாக எழுதிய இடங்களையும் அவர்கள் ஏட்டைக் கொண்டே திருத்துகிறோம்.

இன்று இலையுதிர் காலத்தில் சீனம் செல்ல எண்ணும் இளைஞர்க்குச் சில நடைமுறைக் குறிப்புகளும் சொல்லலாம். அக்டோபர் முதல் நாள் அந்நாட்டின் தேசிய விழா. அதனையொட்டி ஒரு கிழமை விடுமுறை. அந்நாட்களில் இரயில்களிலும் விடுதிகளிலும் நெருக்கடி மிகும். ஆகவே அதற்குப் பின் செல்லுதல் நன்று. தென்சீனக் கடற்கரையில் அக்டோபர் வரை புயல் வருவதுண்டு. வானிலைச் செய்தியைக் கவனித்துக் கொள்க. பண்டைய கைஃபெங் மஞ்சளாற்றின் வெள்ளங்கள் கொணர்ந்த வண்டலின் கீழ்ப் பல அடி ஆழத்தில் புதைந்து கிடக்கிறது; அதன்மேல் இன்றைய நகரம் அமைந்துள்ளது. சுவான்சௌவுக்குச் சென்றால், அங்குள்ள கையுவான் என்னும் புத்தர் கோயிலில், சிவன் கோயிலிலிருந்து எடுத்து நிறுத்திய தூண்களைக் காணலாம். அவற்றில் நம் புராணக் கதைச் சிற்பங்கள் உள்ளன.

இவற்றினும் முதன்மையான ஆயத்தம் ஒன்று உண்டு. பயணத்துக்கு முன் அந்நாட்டு மொழியில் நூறு சொற்களேனும் கற்றுக் கொள்க. பயணத்தின்போது கண்டதையும் கேட்டதையும் நாள்தோறும் தமிழில் எழுதி வைக்க. வாணிகத்துக்குச் செல்பவராயினும், கல்விக்குச் செல்பவராயினும் இதனைச் செய்யலாம். ஒரு குறிப்பேடும் எழுதுகோலும் போதும். கல்லூரி மாணவரில் ஒரு சிலரேனும் பழஞ்சீன மொழியை முறையாகக் கற்று, சோங் வரலாற்றின் சோழ நாட்டுப் பகுதியை மூலத்திலிருந்தே தமிழில் பெயர்த்து ஆராய முற்படுவாராயின், சன்-வென் என்று மட்டுமே நாம் அறிந்த அந்தத் தமிழனின் உண்மைப் பெயரைக் கண்டறியும் வாய்ப்பும் ஒருநாள் அமையலாம்.